ஸ்டப்ஸ் குதிரைப்படம் ஒன்று கையில் கிடைத்தது. 1766-தானா?

ஹம்பர்க்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாகச் சத்தமில்லாமல் வாசித்துவிட்டுப் போகிறவள் நான். இன்றுதான் முதல் பதிவு.

இருப்பது ஹல் நகரம், நர்ஸ் வேலை. போன சனிக்கிழமை நைட் டியூட்டி முடித்துவிட்டு, தூக்கம் வராமல், ஹம்பர் பாலம் தாண்டி லிங்கன்ஷயர் பக்கம் ஒரு கிராமத்து ஏலத்துக்குப் போனேன். பழைய தட்டுமுட்டுச் சாமான்தான் எல்லாம். மூன்று சட்டம் போட்ட படங்களைச் சணலால் ஒன்றாகக் கட்டி வைத்திருந்தார்கள். முதலில் ஒரு தேவாலயம், அடுத்தது கண்ணாடி விரிசல் விட்ட ஏதோ நாய்ப்படம். மூன்றாவதைப் பார்த்ததும் தூக்கம் போய்விட்டது. தோலுரித்த குதிரை ஒன்று பக்கவாட்டில் நிற்கிறது. நிற்கிறது என்று சொல்வதைவிட நடந்துவருகிறது என்று சொல்லலாம். ஒவ்வொரு தசையும் கயிறு முறுக்கின மாதிரி. பின்னணியில் ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளைத் தாள்.

சட்டத்தின் பின்னால் பென்சிலில் "ஸ்டப்ஸ் 1766" என்று கிறுக்கியிருந்தது. 1766-இல் குதிரையின் உடற்கூறு பற்றிப் படநூல் வெளியிட்ட ஆங்கிலேய ஓவியர் ஜார்ஜ் ஸ்டப்ஸ்தான் அது. மூன்றும் சேர்த்து 140 பவுண்டுக்கு என் கைக்கு வந்தது. எனக்குப் போட்டியாக நின்றவர் நாய்ப்படத்துக்காகத்தான் கை தூக்கினார் என்று நினைக்கிறேன்.

இது உண்மையிலேயே 1766-இல் அச்சானதா, அல்லது பின்னாளில் யாராவது மறுபதிப்புப் போட்ட புத்தகத்திலிருந்து கிழித்ததா? எப்படிக் கண்டுபிடிப்பது?

---

டிஜிட்டல் மாடசாமி எழுதியது:

அக்கா, வெல்கம் நூலகத் தளத்தில் பழைய மருத்துவப் புத்தகங்களை வரிசையாக ஸ்கேன் செய்து சும்மா கொடுக்கிறார்கள். 140 பவுண்டுக்கு எனக்கு நல்ல பிரின்டரே வரும். சும்மா சொன்னேன், கோபம் வேண்டாம்.

---

வேப்பேரி74 எழுதியது:

மாடசாமி தம்பி, பிரின்டரில் எடுத்ததை நீங்கள் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளுங்கள், யாரும் தடுக்கவில்லை.

ஹம்பர்க்கரை அம்மா, நீங்கள் வாங்கிய இடம் எதுவென்று தெரிந்துதான் வாங்கினீர்களா? ஹம்பரைத் தாண்டியதும் ஹார்க்ஸ்டோ என்று ஒரு சின்ன ஊர் வரும். அங்கே ஒரு பண்ணைவீட்டில்தான் இந்தப் படங்களுக்கான அறுவை எல்லாம் நடந்தது. 1756-லிருந்து ஏறக்குறைய 18 மாதம். ஸ்டப்ஸ் லிவர்பூல்காரர், தோல் பதனிடுகிற குடும்பம். கூட இருந்து உதவியவர் அவருடைய வாழ்க்கைத் துணை மேரி ஸ்பென்சர் ஒருவர்தான்.

நான் கால்நடை மருத்துவன், ஓய்வு பெற்று ஆயிற்று பல வருடம். வேப்பேரியில் படிக்கும்போது எங்களுக்குச் சிசன் எழுதிய உடற்கூறு நூல்தான் வேதம். கெடாமலிருக்க ஃபார்மலின் ஏற்றிய ஒரு முன்னங்காலை ஆறு பேர் சுற்றி நின்று பிய்ப்போம். கண் எரியும், மூக்கு ஒழுகும். அதனால் ஸ்டப்ஸ் செய்ததைப் படித்தபோது எனக்கு முதலில் வந்தது வியப்பு இல்லை, குமட்டல்.

குதிரையின் கழுத்து நாளத்தை வெட்டி இரத்தம் வடியவிட்டுச் சாகடிப்பார். பிறகு இரத்தக்குழாய்களுக்குள் உருக்கிய கொழுப்பைச் செலுத்துவார், குழாய்கள் சுருங்காமல் நிற்பதற்கு. உத்தரத்திலிருந்து ஓர் இரும்புக் கம்பியைத் தொங்கவிட்டு, அதிலிருந்து பல அளவில் கொக்கிகள். கொக்கியை விலா எலும்புகளுக்கு இடையே கொடுத்து முதுகெலும்புக்கு அடியில் மாட்டிக் குதிரையை நிற்கிற வாக்கில் நிறுத்துவார். காலடியில் 18 அங்குல அகலப் பலகை ஒன்று ஊஞ்சல் மாதிரி தொங்கும், குளம்புகள் அதில் படியும்படி. அப்படியே ஆறேழு வாரம். அந்த நாற்றத்தில் நின்று ஒவ்வோர் அடுக்காக உரித்து, உரித்ததை உடனே வரைந்து, எழுதி வைத்துக்கொண்டு, மறுபடி உரிப்பது. ஃபார்மலின் கிடையாது, ஃபேன் கிடையாது. முதிய வயதில் ஸ்டப்ஸ் வாய்வழி சொன்னதை ஓசியாஸ் ஹம்ஃப்ரி என்ற ஓவியர் எழுதி வைத்ததால்தான் நமக்கு இவ்வளவு தெரிகிறது.

உங்கள் படத்தில் குதிரை நடந்துவருகிற மாதிரி இருப்பது அந்தக் கொக்கியும் பலகையும் செய்த வேலை.

---

பழந்தாள் எழுதியது:

வணக்கம் பிள்ளை. நான் ரொறன்ரோவில் இருக்கிறேன். பழைய தாள், புத்தகம் திருத்துகிறதுதான் முப்பது வருசமாகச் சோறு போடுகிற தொழில்.

முதலில் ஒன்று சொல்கிறேன். பென்சிலில் எழுதின ஆண்டை மறந்துவிடுங்கோ. அது படம் வரைந்த கதையைச் சொல்லும், உங்கட தாள் அச்சான கதையைச் சொல்லாது. இரண்டும் வேறு வேறு.

செப்புத்தகட்டில் ஒருக்கால் செதுக்கிவிட்டால் அந்தத் தகடு இருக்கும்வரை அச்சடிக்கலாம். ஸ்டப்சின் தகடுகளை அவர் இருக்கும்போதும் அச்சடித்தார்கள், 1806-இல் அவர் செத்த பிறகும் அச்சடித்தார்கள். தலைப்புப் பக்கத்தில் மட்டும் அதே 1766. அச்சான காலத்தைத் தாள்தான் காட்டிக்கொடுக்கும்.

சட்டத்திலிருந்து கழற்றுங்கோ. அவசரம் வேண்டாம். பின்பக்க அட்டையின் ஆணிகளைக் குறடால் நேராக இழுத்து எடுங்கோ, நெம்பாதேங்கோ. படம் அட்டையில் எங்கேயாவது ஒட்டியிருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு எனக்கு எழுதுங்கோ. பிறகு இதைப் பாருங்கோ:

லைட்டை நிற்பாட்டிவிட்டு ரோச் லைட்டைத் தாளுக்குப் பக்கவாட்டில், கிடையாகப் பிடியுங்கோ. படத்தைச் சுற்றி நாலு பக்கமும் தகடு அழுத்தின பள்ளம் தெரிய வேணும். அடுத்தது, ஒரு பூதக்கண்ணாடி. கோட்டை உற்றுப் பாருங்கோ. கோடு கோடாகவே இருந்தால் சந்தோசம். சின்னச் சின்னப் புள்ளிகளாக உடைந்தால் அது பிந்தின காலத்து இயந்திர அச்சு, சட்டத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கோ. கடைசியாக, தாளைப் பின்னாலிருந்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கோ. என்ன தெரிகிறது என்று வடிவாக எழுதுங்கோ.

---

சேன் நதி எழுதியது:

பழந்தாள் அண்ணா சொல்வதெல்லாம் சரி. நான் ஒரு கசப்பான விஷயம் சொல்கிறேன், ஹம்பர்க்கரை தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒற்றைத் தாள் சந்தைக்கு வருகிறதென்றால் எங்கேயோ ஒரு முழுப்புத்தகம் செத்திருக்கிறது. ஸ்டப்சின் நூலில் 18 முழுப் படங்கள். பக்கம், முன், பின் என்று மூன்று கோணம். ஒவ்வொன்றும் எலும்புக்கூட்டில் தொடங்கி ஆறு ஆறு நிலை. கோட்டுப்படங்களையும் சேர்த்தால் முழுப்பிரதியில் 24 தகடுகள், அதாவது தகட்டில் அச்சான படங்கள், இருக்க வேண்டும். இவற்றைத் தனித்தனியாகச் சட்டம் போட்டு விற்றால் புத்தகமாக விற்பதைவிட அதிகம் தேறும் என்று கணக்குப் போடுகிற வியாபாரிகள் இருக்கிறார்கள். பக்கவாட்டுக் குதிரை வரவேற்பறைச் சுவருக்கு அழகு, உடனே போய்விடும். பின்புறம் காட்டி நிற்கிற குதிரையை யார் மாட்டுவார்கள்? அது இழுப்பறையில் கிடக்கும். விளக்கவுரைப் பக்கங்கள் குப்பைக்கே போகும்.

நான் பாரிசில் பத்து வருடமாகக் குதிரை உடற்கூறு நூல்கள் சேர்க்கிறேன். பணக்காரி இல்லை. அதனால் குறைப்பிரதிகளைத்தான் வாங்குகிறேன், யாரும் பிரிக்காமல் காப்பாற்றுவதற்காகவே. பிரெஞ்சுக் குதிரை வைத்தியர் லஃபோஸின் 1772 நூல் ஒன்று வைத்திருக்கிறேன். 65 தகடுகள் இருக்க வேண்டிய இடத்தில் என்னிடம் 51. காணாமல் போன பதினான்கும் எந்தெந்த வீட்டுக் குளியலறையில் தொங்குகின்றனவோ.

---

டிஜிட்டல் மாடசாமி எழுதியது:

அதைத்தான் சொல்கிறேன். ஸ்கேன் எடுத்தால் எதையும் கிழிக்க வேண்டாம்.

---

ஹம்பர்க்கரை எழுதியது:

சேன் நதி, தப்பாக எடுக்கவில்லை. ஆனால் நான் வாங்காவிட்டால் அது திரும்பிப் புத்தகத்துக்குள் போய் ஒட்டிக்கொள்ளுமா? நான் இல்லையென்றால் நாய்ப்படத்துக்காரர் கொண்டுபோய் சட்டத்தை வைத்துக்கொண்டு இதைத் தூக்கிப் போட்டிருப்பார்.

பழந்தாள் அண்ணா, கழற்றிவிட்டேன். ஆணி மொத்தம் பதினொன்று, ஒன்று உடைந்துபோயிற்று. தகட்டுப் பள்ளம் நாலு பக்கமும் இருக்கிறது. விரல் வைத்தாலே தட்டுப்படுகிறது. கோடு கோடாகத்தான் இருக்கிறது, புள்ளி இல்லை. தொடைப்பக்கம் கோடுகள் நல்ல கறுப்பு. வயிற்றுக்கு அடியில் இருக்கும் மெல்லிய நிழல் கோடுகள் மட்டும் பாதியில் தேய்ந்து மறைந்துபோகிற மாதிரி.

ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். சின்ன வயதில் எங்கள் வீட்டில் இருந்த பழைய பத்திரத்தாளில் வரிவரியாகத் தெரியுமே, அப்படி எதுவும் இல்லை. ஒரே வழுவழுப்பு. அப்படியென்றால் இது மறுபதிப்பு, போச்சு, அப்படித்தானே?

---

பழந்தாள் எழுதியது:

கெதியாக முடிவுக்கு வராதேங்கோ பிள்ளை.

பழைய காலத்தில் தாள் அள்ளுகிற சல்லடையில் கம்பிகள் வரிசையாக இருக்கும். அந்தக் கம்பித் தடம்தான் நீங்கள் சொல்கிற வரி. பிறகு துணி மாதிரி நெய்த கம்பிவலையில் தாள் அள்ளத் தொடங்கினார்கள். அதில் வரி விழாது. அப்படித் தாள் செய்து பேர் வாங்கினவர் இங்கிலாந்தில் கென்ற் பகுதியில் இருந்த ஜேம்ஸ் வாட்மேன். அந்தத் தாளில் புத்தகம் அச்சானது 1757-லேயே. ஆகவே வரியில்லை என்ற ஒன்றை வைத்து 1766 இல்லை என்று சொல்ல ஏலாது.

ஆனால் வயிற்றுக்கு அடியில் கோடு தேய்ந்திருக்கு என்று சொன்னீர்களே, அதுதான் எனக்கு யோசனை. செம்பு மெத்தென்ற உலோகம். ஒவ்வொரு முறையும் மை பூசித் துடைத்து, ஈரத்தாளை வைத்து அழுத்தும்போது தகடு தேயும். ஆழமாக வெட்டின கோடு நிற்கும், மேலோட்டமாகக் கீறின கோடு முதலில் போகும். உங்கடது அந்தத் தகட்டின் இளமைக்காலத்து அச்சு இல்லை.

விளிம்பைப் பாருங்கோ. கீழ் விளிம்பு, பக்க விளிம்பு. எழுத்து ஏதாவது தெரிகிறதா?

---

கரந்தை எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். குதிரைச் சுவடி என்றதும் எங்கள் ஊர் ஞாபகம் வந்தது. தஞ்சை சரசுவதி மகால் நூலகம் 1952-இல் நகுலன் பெயரில் வழங்கும் அசுவசாஸ்திரத்தை வண்ணப் படங்களோடு வெளியிட்டது. என் தாத்தா வைத்திருந்தார். இதுவும் இந்த வகையில் சேருமா? பழைய பதிப்புக்கு மதிப்பு உண்டா?

---

வேப்பேரி74 எழுதியது:

கரந்தை ஐயா, அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது வேறு சாதி நூல். அதிலே குதிரையின் நிறம், சுழி, எது யோகம், எது ஆகாது என்று போகும். குதிரையை வெளியே நின்று வாசிப்பது அது. இங்கே பேசுகிறது கத்தியோடு உள்ளே போனவர்களைப் பற்றி. எது உசத்தி எது மட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. சுழி பார்த்துக் குதிரை வாங்கியவர் ஏமாந்ததையும் கண்டிருக்கிறேன், படித்த டாக்டர் சர்டிபிகேட் கொடுத்த குதிரை நொண்டினதையும் கண்டிருக்கிறேன்.

அச்சு நூலுக்குத் தடையில்லை. கையெழுத்துச் சுவடி, ஓலை என்று யாராவது தனியாக விற்க வந்தால் மட்டும் கவனம். 75 வருடத்துக்கு மேற்பட்ட சுவடிகள் நம் நாட்டில் 1972-ஆம் வருடச் சட்டப்படி தொல்பொருள் கணக்கில் வரும். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

---

நாலுகால் எழுதியது:

புதிதாகச் சேர்க்க நினைக்கிறவன் நான். ஸ்டப்ஸ்தான் முதல் ஆளா? அவருக்கு முன்னால் யாரும் இல்லையா?

---

சேன் நதி எழுதியது:

நாலுகால், ஸ்டப்சுக்கு 168 வருடம் முன்னாலேயே கார்லோ ரூயினி இருக்கிறார். இத்தாலியில் பொலோஞா நகரத்து செனட்டர், மருத்துவர் இல்லை. அவருடைய நூல் 1598-இல் பொலோஞாவில் வந்தது. பாவம், நூல் வெளிவருவதற்குள் அவர் இறந்துவிட்டார். மனிதனை விட்டுவிட்டு ஒரே ஒரு விலங்கின் உடற்கூறுக்காக மட்டும் அச்சான முதல் புத்தகம் அதுதான். மரக்கட்டையில் செதுக்கிய 64 முழுப்பக்கப் படங்கள். 1543-இல் வெசாலியஸ் என்ற மருத்துவர் மனித உடம்பை அறுத்துப் பார்த்துப் படங்களோடு நூலாக்கியதைக் குதிரைக்குச் செய்து பார்த்திருக்கிறார். தோலுரித்த குதிரை புல்வெளியில் நிற்கும், பின்னால் குன்று தெரியும், தனக்கு என்ன ஆயிற்று என்றே தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. அந்தப் படங்களை வரைந்தவர் பெயர் நூலில் இல்லை. லியொனார்தோ தா வின்சி வரை பெயர்களை இழுத்துப் பார்த்துவிட்டார்கள்.

1598 பதிப்பை நானோ நீங்களோ வாங்கப் போவதில்லை. 1618 வெனிஸ் பதிப்பு அதைவிடக் கண்ணில் படும். படங்களைப் பார்க்க வேண்டுமானால் அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் இணையத்தில் வைத்திருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் மாடசாமி சொல்வதை ஒப்புக்கொள்கிறேன்.

1599-இல் பாரிசில் ழான் எரோவார் குதிரை எலும்புகளுக்கு மட்டும் தனிநூல் போட்டார். பிறகு பதின்மூன்றாம் லூயிக்கு மருத்துவராக இருந்தவர்.

அப்புறம் லண்டனில் ஆண்ட்ரூ ஸ்னேப், 1683. இரண்டாம் சார்லசுக்கு லாடம் அடித்து வைத்தியம் பார்த்தவர். தன் குடும்பம் 200 வருடமாக இந்த வேலையில் அரசருக்குச் சேவகம் செய்கிறது என்று பெருமையடித்துக்கொள்வார். 49 செப்புத்தகடுகள். ஆனால் பல படங்களில் நிற்பது ரூயினியின் குதிரைதான், பாஸ்போர்ட் மட்டும் மாற்றிக்கொண்டிருக்கும். நகலெடுக்கிறவர் பார்த்ததைப் பார்த்தபடி தகட்டில் செதுக்கினால் அச்சில் இடவலம் மாறிவிடும். அதனால் ஒரு பழைய படம் கிடைத்தால் முதலில் குதிரை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள். ஸ்னேப்பின் நூலை 1732-இல் கர்சோ என்பவர் பிரெஞ்சுக்குக் கொண்டுவந்தார். இப்படி ஒரே குதிரை நூறு வருடத்துக்கு மேல் நாடு நாடாகச் சுற்றியிருக்கிறது. ஸ்டப்சின் முக்கியத்துவம் இதில்தான். அவர் யாரையும் பார்த்து எழுதவில்லை. தலைப்பிலேயே எல்லாம் இயற்கையிலிருந்து எடுத்தது என்று போட்டுக்கொண்டார்.

---

வேப்பேரி74 எழுதியது:

ஸ்டப்சை வானளாவப் புகழ்வதற்கு முன் ஒன்று. குதிரை வைத்தியம் பார்க்கிறவனுக்கு அவர் பாதிப் புத்தகம்தான். எலும்பு, தசை, நரம்பு, இரத்தக்குழாய் எல்லாம் அபாரம். ஆனால் குடலும் நுரையீரலும் எங்கே? குதிரை வயிற்றுவலியில் உருள்கிறது என்று இரவு இரண்டு மணிக்குக் கூப்பிடுவார்கள், அப்போது எனக்குத் தொடைத்தசை எதற்கு? ரூயினி அந்த விஷயத்தில் முழுசு. மூளை, கண், வயிற்றுள்ளுறுப்பு எல்லாவற்றுக்குள்ளும் போகிறார், தவறுகளோடுதான், ஆனாலும் போகிறார். ஸ்டப்ஸ் ஓவியர் கண்ணால் பார்த்தார். தோலுக்கு வெளியே எது துருத்தித் தெரியுமோ அது அவருக்கு முக்கியம்.

இன்னொன்று, அவர் நூல் வந்தபோது லண்டனில் கால்நடைக் கல்லூரியே கிடையாது. அது வந்தது 1791-இல். உலகத்திலேயே முதல் கால்நடைப் பள்ளியை பூர்ஜலா என்ற பிரெஞ்சுக்காரர் லியோனில் தொடங்கியது 1761-62-இல்தான்.

---

சேன் நதி எழுதியது:

பூர்ஜலா பெயரை எடுத்துவிட்டீர்கள், இனி என்னை நிறுத்த முடியாது.

பூர்ஜலா குதிரையேற்றப் பள்ளி நடத்தியவர். லஃபோஸ் லாடக்காரப் பரம்பரை, அப்பாவே அரச லாயத்தில் பெயர் எடுத்தவர். குதிரையின் காலைத் தூக்கி மடியில் வைத்து வளர்ந்த பிள்ளைக்கு, சேணத்தின் மேல் உட்கார்ந்து பழகியவர் பள்ளி தொடங்கி உத்தரவு போட்டால் எப்படி இருக்கும்? இரண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. லஃபோஸின் 1772 நூலை அந்தக் கோபத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தொடை அகலத்துக்குப் பெரிய புத்தகம், மேசையில் விரித்தால் மேசை காணாது. சில பிரதிகளில் தகடுகளுக்குக் கையால் வண்ணம் தீட்டியிருக்கும்.

வண்ணம் என்றால் உடனே ஏமாந்துவிடாதீர்கள். வெறும் கறுப்புவெள்ளைத் தகட்டுக்குப் பின்னாளில் வண்ணம் பூசி விலையை ஏற்றுவதும் நடக்கிறது. எனக்கே நடந்தது. ஒரு வியாபாரியிடம் நான்கு தகடுகள் வாங்கினேன், நாளங்கள் நீலமும் சிவப்புமாக ஜொலித்தன. வீட்டுக்கு வந்து பார்த்தால், தாளில் பழைய தண்ணீர்க் கறை ஒன்று படர்ந்திருக்கிறது, நீலம் அந்தக் கறைக்கு மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது. கறைக்கு முந்திய வண்ணமாக இருந்தால் தண்ணீரில் அதுவும் கொஞ்சம் கலைந்திருக்க வேண்டாமா? திருப்பிக் கொடுக்கப் போனேன். "மதாம், வண்ணம் பழையது என்று நான் எழுதிக் கொடுத்தேனா?" என்றார். கொடுக்கவில்லைதான்.

---

நாலுகால் எழுதியது:

எல்லாமே எட்டாத உயரத்தில் இருக்கிறது. என் மாதிரி மாதச் சம்பளக்காரன் எங்கே தொடங்குவது?

---

வேப்பேரி74 எழுதியது:

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்குங்கள். ஷோவோ எழுதிய வீட்டு விலங்குகளின் ஒப்பீட்டு உடற்கூறு நூலை ஜார்ஜ் ஃப்ளெமிங் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். தடிப்புத்தகம், மர அச்சுப் படங்கள் நூற்றுக்கணக்கில், பயந்து ஓடுகிற விலை இருக்காது. ஜெர்மன் பக்கம் எல்லன்பெர்கர், பௌம் இருவரும் ஓவியர் டிட்ரிக்கோடு சேர்ந்து கலைஞர்களுக்காகப் போட்ட விலங்கு உடற்கூறு வரிசை இருக்கிறது. குதிரையோடுதான் தொடங்கியது, 1898-இல். என்னைக் கேட்டால் துல்லியத்தில் ஸ்டப்சுக்கு ஒரு படி மேல். சொன்னால் இங்கே அடிக்க வருவார்கள்.

அதே காலத்தில் அட்டைக்குதிரைகளும் வந்தன. தோலைக் கதவு மாதிரித் திறந்தால் தசை, தசையைத் திறந்தால் விலா, விலாவைத் திறந்தால் குடல். வாங்குமுன் ஒவ்வொரு மடலையும் எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் மண்ணீரல் காணாமல் போயிருக்கும். ஏதோ ஒரு குழந்தை விளையாடித் தொலைத்திருக்கும்.

---

ஹம்பர்க்கரை எழுதியது:

எழுத்து தெரிகிறது!!

இரவு வார்டிலிருந்து வந்து, அறையை இருட்டாக்கி, போன் டார்ச்சை ஒரு கண்ணாடித் தட்டுக்கு அடியில் வைத்து, அதன் மேல் தாளை மெதுவாக நகர்த்திக்கொண்டே போனேன். கீழ் விளிம்பில் முதலில் நிழல் மாதிரி ஒரு கோடு. பிறகு அது ஜே என்ற எழுத்து. பக்கத்தில் வாட்மேன் என்று பெரிய எழுத்தில், வெளிச்சம் தாளுக்குள்ளிருந்தே எழுதின மாதிரி. கை நடுங்கிவிட்டது. ஐம்பது தடவை சட்டத்தைத் துடைத்திருப்பேன், இது உள்ளேயே இருந்திருக்கிறது.

அதற்குக் கீழே எண்கள். 1, 8, 1. நாலாவது எண்ணின் மேல் பழைய பிசின் டேப் ஒன்று ஒட்டியிருக்கிறது, கரும்பழுப்பு நிறம். வெளிச்சம் போகவே இல்லை. நுனி கொஞ்சம் தூக்கிக்கொண்டு இருக்கிறது. பிய்த்துவிடவா?

---

பழந்தாள் எழுதியது:

கை வைக்காதேங்கோ!

அந்த டேப்பின் பசை தாளுக்குள் இறங்கியிருக்கும். இழுத்தால் தாளின் மேல்தோலும் கூட வரும், எண்ணும் போகும். ஹெயார் டிரையர், சுடுதண்ணி, இஸ்திரிப்பெட்டி, யூரியூப்பில் காட்டுகிற பெற்றோல் வைத்தியம் ஒன்றும் வேண்டாம். பக்கத்தில் தாள் பேணுகிற பயிற்சி உள்ள ஆளிடம் கொண்டுபோங்கோ. அரை மணி வேலை.

1-8-1 என்றாலே பாதிக்கேள்வி முடிந்தது. 1794-இல் அங்கே ஒரு சட்டம் வந்தது, ஏற்றுமதி செய்கிற தாளுக்கு வரி திரும்பக் கிடைக்க வேணுமென்றால் வாட்டர்மார்க்கில், அதுதான் நீங்கள் வெளிச்சத்தில் கண்ட அந்த எழுத்தில், ஆண்டு இருக்க வேணும் என்று. அதற்குப் பிறகுதான் இங்கிலீஷ்த் தாள்களில் ஆண்டு பரவலாகப் போட்டார்கள். 1766-இல் அச்சான தாளில் 18 என்று தொடங்குகிற எண் வரவே வழியில்லை. ஆகவே உங்கட படம் 1810-க்கும் 1819-க்கும் இடையில் செய்த தாள். அச்சானது அதே ஆண்டாகவும் இருக்கலாம், சில வருசம் பிந்தியும் இருக்கலாம். அதற்கு முந்தி இருக்க ஏலாது.

ஆனால் தகடு ஸ்டப்ஸ் தன் கையால் வெட்டின தகடுதான், அதில் சந்தேகம் வேண்டாம்.

---

டிஜிட்டல் மாடசாமி எழுதியது:

தன் கையால் என்றால்? ஓவியர் வரைவார், செதுக்குவதற்குத் தனி ஆள் இருப்பார் என்றுதானே கேள்வி?

---

வேப்பேரி74 எழுதியது:

நல்ல கேள்வி கேட்டீர்கள் தம்பி. வரைந்த படங்களைத் தூக்கிக்கொண்டு ஸ்டப்ஸ் லண்டனில் செதுக்குகிறவர்களிடம் போனார். ஒருவரும் எடுத்துக்கொள்ளவில்லை. வேறு வழியில்லாமல் தானே உட்கார்ந்தார். பகலெல்லாம் பிரபுக்களின் குதிரைகளை வரைந்து சம்பாத்தியம், விடிகாலையிலும் இரவிலும் செப்புத்தகடு. அப்படி ஆறு வருடத்துக்கு மேல் ஓடியது. கடைசியில் 1766-இல் வெளியிட்டார். முன்பணம் கட்டியவர்களுக்கு விலை 4 கினி (அந்தக் காலத்து ஆங்கிலத் தங்க நாணயம்), மற்றவர்களுக்கு 5.

மூலச் சித்திரங்களில் 42 தாள்கள் லண்டன் ராயல் அகாடமியில் இருக்கின்றன. அதைப் பார்க்க ஒரு தடவையாவது போக வேண்டும் என்று இருந்தேன். முழங்கால் விடவில்லை. குதிரைக்கு எத்தனையோ முழங்காலைச் சரிசெய்தாயிற்று.

---

சேன் நதி எழுதியது:

ஹம்பர்க்கரை, போன வாரம் நான் கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டேன். தாளின் இடது ஓரத்தில் தையல் ஓட்டைகள் இருக்கின்றனவா பாருங்கள். இருந்தால் புத்தகத்திலிருந்து வந்தது. ஓட்டையே இல்லாவிட்டால் கட்டாமலேயே தனித்தாளாக இருந்திருக்கவும் வாய்ப்பு உண்டு, அல்லது ஓரத்தை வெட்டிவிட்டிருப்பார்கள்.

---

ஹம்பர்க்கரை எழுதியது:

ஓட்டை இருக்கிறது. ஐந்து. ஒன்றில் ஒரு துண்டு நூல்கூட இன்னும் இருக்கிறது. உங்கள் கோபம் நியாயம்தான்.

நூலை எடுக்கவில்லை, அப்படியே விட்டுவிட்டேன்.

---

ஹம்பர்க்கரை எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் தாள் பேணுகிற ஒரு பெண்மணி கிடைத்தார். நான் எதிரில் உட்கார்ந்து பார்த்தேன். ஏதோ ஒரு திரவத்தைப் பஞ்சு சுற்றிய குச்சியால் டேப்பின் ஓரத்தில் தொட்டுத் தொட்டு வைத்தார், காத்திருந்தார், மறுபடி தொட்டார். காயத்தில் ஒட்டின கட்டுத்துணியை நாங்கள் எடுப்பதும் இதே மாதிரிதான், இழுக்கக் கூடாது, அதுவாக விட வேண்டும். டேப் மீன் செதில் மாதிரி சுருண்டு வந்தது. பழுப்புக் கறை முழுசாகப் போகவில்லை, போகாது என்றும் சொல்லிவிட்டார்.

விளக்குப் பலகையில் வைத்தோம். நாலாவது எண் 5.

1815. ஸ்டப்ஸ் இறந்து ஒன்பது வருடம். சொத்தை மேரி ஸ்பென்சருக்கு எழுதி வைத்திருந்தார் என்று எங்கோ படித்தேன். ஹார்க்ஸ்டோவில் அந்த நாற்றத்தில் கூட நின்றவர்.

இப்போது புதுச் சந்தேகம். அமிலமில்லாத அட்டையில் மாற்றிக் கட்டித் தருகிறேன், பின்னால் என்ன எழுதட்டும் என்று அந்தப் பெண்மணி கேட்கிறார். 1766 என்றா, 1815 என்றா?

---

பழந்தாள் எழுதியது:

இரண்டையும் எழுதுங்கோ. தகடு 1766, தாள் 1815. பென்சிலில் மட்டும். பேனை வேண்டாம். பழைய அட்டையில் கிறுக்கியிருந்ததையும் எறியாமல் பின்னாலேயே வையுங்கோ.

வெயில் படுகிற சுவரில் மாட்டாதேங்கோ. குளியலறைப் பக்கமும் வேண்டாம். ராமபாணப் பூச்சி ஈரத்தைத் தேடித்தான் வரும்.

---

வேப்பேரி74 எழுதியது:

மாட்டினதும் ஒரு போட்டோ போடுங்கள் அம்மா. முன்னங்கால் தெளிவாகத் தெரிய வேண்டும். நாற்பது வருடத்துக்கு முன் வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் ஒரு தசைநாரைத் தப்பாகச் சொல்லிவிட்டேன். அது எங்கே போய்ச் சேருகிறது என்று ஸ்டப்சிடம் சரிபார்க்க வேண்டும்.

---

ஹம்பர்க்கரை எழுதியது:

சரி சார். நாய்ப்படம் யாருக்காவது வேண்டுமா? விரிசல் கண்ணாடி, தபால் செலவு மட்டும்.